இரண்டு வினாடி முந்திய முள்

7

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்றே கால் மணிக்கு கிளாடன் ஏரியில், தேசியப் பட்டத்துக்கான அன்றைய ஒரே பந்தயத்தில் பன்னிரண்டு படகுகள் பாய்ந்தன. மூன்று சுற்று முடிந்து கரைக்கு வந்தபோது அவற்றில் பதினொன்று தகுதி இழந்துவிட்டதாக ஒலிபெருக்கி சொன்னது. மிச்சமிருந்தது ஒன்பதாவதாக வந்த படகு. அதை ஓட்டியவர் ஆர்விட் டோலெஃப்சன். வயது அறுபத்தெட்டு. நாற்பத்து நாலு வருடமாக இந்தப் படகுகளில் முழங்காலிட்டு வருகிறவர். தேசியப் பட்டத்தைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

மூன்றரை மணிக்கு அவர் தேசிய சாம்பியன். நாலு மணிக்குச் சந்தேக நபர். நாலே கால் மணிக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டும் விட்டார்.

அந்த வேகம்தான் டெல்மா ப்ரோஹாஸ்காவுக்கு உறுத்தியது. முப்பத்தொரு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கொட்டகைகளையும் தொலைந்த டிராக்டர்களையும் விசாரித்தவள் அவள். உண்மையான குற்றவாளி ஒப்புக்கொள்ளக் குறைந்தது இரண்டு நாள் எடுத்துக்கொள்வான் என்பது அவள் அனுபவம். ஓய்வு பெற்ற பிறகு படகுப் பந்தய கிளப்பில் புகார்களை விசாரிக்கும் பொறுப்பை அவள் தலையில் கட்டியிருந்தார்கள். இந்த விளையாட்டில் அது ஓய்வே இல்லாத வேலை. ஜெயித்தவன் ஏமாற்றியிருப்பான் என்பதைத்தான் இங்கே முதலில் கற்றுக்கொள்வார்கள். படகு ஓட்டுவதை அப்புறம் கற்றுக்கொள்வார்கள்.

"ஒரு கையெழுத்து போடுங்க டெல்மா, முடிஞ்சுது" என்றார் ஹார்லன் க்ரூப். அவர் கிளப் தலைவர், தலைமை நடுவரும் அவரே. வெள்ளை கால்சட்டை, நீலக் கோட்டு, கோட்டுப் பைகளுக்குள் இரண்டு கைகள். "அவரே ஒப்புக்கிட்டார். ரெண்டு வருஷத் தடை. அஞ்சு மணிக்கு டிவிக்காரங்க நேரடி ஒளிபரப்புக்கு வர்றாங்க. அதுக்குள்ள அறிவிச்சுடணும்."

"கடிகாரத்தைப் பார்த்துட்டுப் போடறேன்."

"அதுல பார்க்க என்ன இருக்கு?"

"அது பார்த்தாத்தானே தெரியும்?" என்று சொல்லிவிட்டு டெல்மா ஏணியைப் பிடித்தாள். முழங்கால் ஒவ்வொரு படியிலும் முனகியது. பின்னாலேயே வெண்டல் ஏறினான். இறந்துபோன அவள் கணவர் ரேயின் தம்பி. மோட்டார் மெக்கானிக். அம்பத்தாறு வயது, பேச்சில் மட்டும் பதினாறு.

"அண்ணி, நீங்க விழுந்தா என் மேலதான் விழுவீங்க. அதை மனசுல வெச்சு ஏறுங்க."

"நீ மெத்துன்னுதான் இருக்க. பயமில்ல."

நடுவர் மேடையின் உச்சியில் ஆள் உயரத்துக்கு ஒரு வட்டத் தட்டு. அதில் ஒரே ஒரு வினாடி முள். தட்டுக்கு இரண்டு முகம். ஏரியைப் பார்த்திருக்கும் முகம் ஓட்டுகிறவர்களுக்கு. பின் முகம் நடுவர்களுக்கு. இந்தப் படகுகள் நின்ற இடத்திலிருந்து கிளம்புவதில்லை. ஏரியில் வட்டமடித்துக்கொண்டே இருந்து, முள் உச்சிக்கு வருகிற நொடியில் முழு வேகத்தில் தொடக்கக் கோட்டைத் தாண்ட வேண்டும். நொடி முந்தினால் அந்தப் பந்தயத்தில் அவன் இல்லை. பிந்தினால் முன்னே போகிறவர்கள் கிளப்பும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே வரவேண்டும்.

இன்றைக்கு முன் முள் பின் முள்ளைவிட இரண்டு வினாடி முந்திக் காட்டியது. அதை நம்பிய பதினொரு பேரும் மொத்தமாக முந்தினார்கள். ஒருவர் மட்டும் முந்தவில்லை. கடிகாரத்தில் கைவைத்தவனைத் தவிர வேறு யாருக்கு அது தெரிந்திருக்கும் என்று பதினொரு பேரும் கேட்டார்கள். கேள்வியில் பிழையில்லை.

வெண்டல் முள்ளைப் பிடித்திருந்த திருகை விரலால் தொட்டான். அது ஆடியது. "இதுக்கு ஸ்பானரே வேண்டாம் அண்ணி. பழசாகி தேஞ்சு போச்சு. முள்ளைக் கொஞ்சம் அழுத்திப் பிடிச்சாலே நகரும்."

டெல்மா முள்ளைப் பார்த்தாள். பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். நேற்று சனிக்கிழமை கடைசிப் பந்தயம் வரை அது கருப்பாகத்தான் இருந்தது. அடிப்பக்கம் விரலை வைத்தாள். ஒட்டியது. கொஞ்சம் மேலே, பெயின்ட் ஈரமாக இருந்தபோது யாரோ இறுக்கிப் பிடித்த கட்டைவிரல் தடம் ஆழமாக உறைந்திருந்தது.

"எப்ப அடிச்சாங்க இதை?"

"காலையில ஆறரைக்கு நான் காபி குடிக்க வந்தப்பவே ஆரஞ்சாத்தான் இருந்துது. ஏன், உங்களுக்குக் கலர் பிடிக்கலையா?"

"உன் மூக்குக்கு மேட்ச்சா இருக்கு. இறங்கு."

ஆர்விட் தன் பழைய லாரியின் நிழலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மரச்சட்டத்தின் மேல் அவருடைய ஹைட்ரோபிளேன் படகு. பத்தடி நீளம், பலகை கனம், உள்ளே ஓர் ஆள் மண்டியிடத்தான் இடம். பின்னால் மோட்டார். அதன் ப்ரொப்பெல்லருக்குக் கம்பளிக் காலுறை மாட்டியிருந்தது. சுழலும் தகட்டின் வளைவை எதிரி பார்த்துவிடக் கூடாது. இங்கே எல்லாரும் அப்படித்தான். குளிரில் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடினாலும் ப்ரொப்பெல்லருக்குக் காலுறை இருக்கும். மோட்டாரில் ஊற்றும் விளக்கெண்ணெய் எரிந்த வாசனை அவர் சட்டையிலிருந்து வந்தது.

"உக்காரு டெல்மா. வெண்டல், நீ நில்லு, உன்னைத் தாங்கற நாற்காலி இங்க இல்ல."

"குற்றவாளிக்கு வாய் குறையல" என்றான் வெண்டல்.

டெல்மா உட்கார்ந்தாள். "எப்படிப் பண்ணின, சொல்லு. எழுதிக்கணும்."

ஆர்விட் அவள் காதுக்குப் பக்கத்தில் எங்கோ பார்த்தபடி சொன்னார். ரே போன பிறகு இந்த ஐந்து வருடமாக அவர் அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்ததே இல்லை. அது துக்கத்தின் கூச்சம் என்று அவள் நினைத்திருந்தாள். அவளும் யார் முகத்தையும் அதிகம் பார்க்காத வருடங்கள் அவை.

"காலையில ஏழு மணி. யாரும் இல்ல. ஏணியில ஏறினேன். கருப்பு முள்ளைப் பிடிச்சு ரெண்டு வினாடி தள்ளி வெச்சேன். இறங்கிட்டேன். அவ்வளவுதான்."

வெண்டல் வாயைத் திறந்தான். டெல்மா அவன் கால் மேல் தன் காலை வைத்தாள்.

"கருப்பு முள்ளைத்தானே?"

"நாப்பது வருஷமா கருப்புதானே? வேற எந்த முள்ளு இருக்கு?"

"கையைக் காட்டு."

காட்டினார். எண்ணெய்க் கறுப்பு ரேகைகளுக்குள் ஊறிப்போன கை. ஆரஞ்சு ஒரு துளி இல்லை. டெல்மா நோட்டை மூடினாள். தன் முகத்தை இடது பக்கம் நகர்த்தி, அவர் பார்வை விழுந்த இடத்துக்குக் கொண்டுபோனாள். அவர் கண் உடனே இன்னும் கொஞ்சம் விலகி, மறுபடி அவள் காதுக்குப் போனது.



"எத்தனை வருஷமா?" என்று கேட்டாள்.

"எது?"

"கண்ணு."

 ஏரியில் ஒரு மீட்புப் படகு மிதவைகளை இழுத்துக்கொண்டு போயிற்று. அதைப் பார்க்கிறவர்போல் ஆர்விட் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அண்ணி, எனக்குப் புரியல" என்றான் வெண்டல்.

"அந்த முள்ளு காலையிலேர்ந்து ஆரஞ்சா இருக்கு. இவருக்கு அது தெரியல. இவர் அதைப் பார்க்கவே இல்ல."

"அஞ்சு வருஷம் ஆகப் போகுது" என்றார் ஆர்விட், கடைசியில். "நடுவுல ஒரு புகை. நேரா எதைப் பார்த்தாலும் அங்க அது இருக்காது. ஓரத்துல எல்லாம் தெரியும். திருப்பம் எல்லாம் இடது பக்கம்தானே? மிதவை ஓரத்துல வரும். அது போதும்."

"டாக்டர் எப்படி விட்டாரு?" வெண்டல் கேட்டான்.

"கண்ணுத் தாளை அவர் பத்து வருஷமா மாத்தல. கடைசி வரி வரைக்கும் எனக்கு மனப்பாடம். இந்த வருஷம் அவர் பாதியிலயே போதும்னுட்டார், நான்தான் முடிச்சுட்டு வந்தேன்."

"அப்ப புறப்படறது?"

"எல்லார் மோட்டாரும் கத்திக்கிட்டுப் போகும். அந்தச் சத்தம் கேட்டதும் நானும் அழுத்துவேன். ரெண்டு வினாடி லேட்டாத்தான் கோட்டுக்குப் போவேன். அஞ்சு வருஷமா அப்படித்தான். இன்னிக்கும் அப்படித்தான். ஒன்பதாவதா வந்தேன். வழக்கத்துக்கு நல்ல ஓட்டம்."

வெண்டல் விரல்விட்டு எண்ணினான். "அவங்க ரெண்டு வினாடி முன்னாடி. நீங்க அவங்களுக்கு ரெண்டு வினாடி பின்னாடி. கூட்டிக் கழிச்சா, இந்த ஏரியில சரியான நேரத்துல கோட்டைத் தாண்டின ஒரே ஆள் கடிகாரம் தெரியாத ஆள்."

"அப்புறம் எதுக்குய்யா ஒப்புக்கிட்ட?" என்றாள் டெல்மா.

"ஹார்லன் வந்து கேட்டான். முள்ளைப் பார்த்துத்தானே போன, உனக்கு மட்டும் எப்படி தெரிஞ்சுதுன்னு. என்ன சொல்லட்டும்? ஏமாத்தினேன்னா ரெண்டு வருஷம். கண்ணு இல்லன்னா ஒரேயடியா."

அதில் ஒரு நியாயம் இருந்தது என்பதுதான் வெட்கக்கேடு. கிளப் அறையின் சுவரில் சாதனையாளர்கள் என்று பத்தொன்பது படங்கள் தொங்கின. அவர்களில் பாதிக்கு மேல் ஏதாவது ஒரு காலத்தில் தடை வாங்கியவர்கள். எடையில் ஒருவர், எரிபொருளில் ஒருவர், பிஸ்டனைச் சுரண்டியதில் மூவர். தடை முடிந்து திரும்புகிறவனை எழுந்து நின்று கைதட்டி வரவேற்பார்கள், கிளப் விருந்தில் உருளைக்கிழங்கு சாலட்டின் முதல் கரண்டி அவனுக்குத்தான். மருத்துவப் பரிசோதனையில் தோற்றவனுக்கு ஒரு வாழ்த்து அட்டை போகும். அவன் பெயரை அடுத்த வருடம் யாரும் சொல்ல மாட்டார்கள்.

"எழுபது வயசுல திரும்பி வந்திருப்பியா?"

"வந்திருப்பேன்."

 டெல்மா நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டாள்.

"ஆர்விட், ரே கவிழ்ந்த அன்னிக்குப் பின்னாடி வந்த படகு அஞ்சு. நாலு பேர் தண்ணியில அவரைப் பார்த்துட்டு விலகினாங்க. நீ விலகினதோட நிக்கல. மோட்டாரை அணைச்சுட்டுக் குதிச்ச. அவர் தலையைத் தண்ணிக்கு மேல பிடிச்சிருந்த. அதனாலதான் கரையில அவர் என்கிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போனார். அதுக்கு நான் உனக்கு என்ன செஞ்சாலும் பத்தாது."

"அதையெல்லாம் எதுக்கு இப்ப..."

"அஞ்சாவது ஆள் பார்க்காம அவர் மேல ஏத்திட்டான். வெயில் கண்ணுல அடிச்சுதுன்னான். நான் அவனைத் திட்டினதே இல்ல. ஆனா அன்னிக்கு உனக்குப் பார்வை இருந்துது. இன்னிக்கு உன் முன்னாடி ஒருத்தன் கவிழ்ந்தா நீ யாரு? நாலு பேர்ல ஒருத்தனா, அஞ்சாவது ஆளா?"

ஆர்விட் இரண்டு கைகளாலும் முழங்கால்களைப் பிடித்துக்கொண்டார். அவை நாற்பது வருடம் பலகையில் இடிபட்டுக் காய்ப்பேறிப்போன முழங்கால்கள்.

"முள்ளு விஷயத்தை நான் பார்த்துக்கறேன். இன்னும் அரை மணி நேரத்துல நீ நிரபராதி. கண்ணு விஷயத்தை நீதான் சொல்லணும். சொல்லாம அடுத்த வாரம் தண்ணியில இறங்கினன்னா, நானே சொல்லுவேன்."

"அப்ப என்னை எப்பவுமே இறக்க மாட்டாங்க, டெல்மா."

"மாட்டாங்க."

அவள் எழுந்து நடந்தாள். வெண்டல் அரை மைல் ஓடியவன்போல் மூச்சு வாங்கிக்கொண்டு கூடவே வந்தான். ஐம்பது அடிக்கு அவன் ஜோக் எதுவும் சொல்லவில்லை. டெல்மாவே கேட்டாள்.

"பெயின்ட் அடிச்சவன்தான் முள்ளை நகர்த்தினவன். அந்த விரல் தடம் ஈரத்துல விழுந்தது. இன்னிக்கு உன் ரிப்பேர் கூடாரத்துக்கு வந்து யாராவது கையைக் கழுவ ஏதாவது கேட்டாங்களா?"

"எல்லாரும் கேப்பாங்க. பீர் கேட்டாங்க, ஸ்பானர் கேட்டாங்க..." அவன் நின்றான். "ஹார்லன் பெயின்ட் கரைக்கிற தின்னர் கேட்டார். இருபது வருஷமா மோட்டாரைத் தொடாத மனுஷன். எரிபொருள்ல கலக்கத்தான் கேக்கறார்னு நெனச்சு இல்லன்னு சொல்லிட்டேன்."

"அவர் போட்டியிலயே இல்லையேடா."

"பழக்கதோஷம் அண்ணி. தின்னர் கேட்டா யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்."

ஐந்து மணிக்கு மேடையின் கீழே கூட்டம் சேர்ந்திருந்தது. பதினொரு பேரும் நனைந்த உடுப்போடு, கையில் பன்றித் தொத்திறைச்சி வைத்த ரொட்டியோடு, கோபமாக மென்றுகொண்டு நின்றார்கள். முன்னால் நின்றவன் லைல் ஸ்விகர்ட். முப்பது வயது. முதலில் கரை சேர்ந்தவன், ஆகவே மற்றவர்களைவிடப் பத்து மடங்கு ஏமாற்றப்பட்டவன். டிவிக்காரர் கேமராவைத் தோளில் ஏற்றினார். ஹார்லன் தொண்டையைச் செருமினார். ஆர்விட் கூட்டத்தின் பின்னால் தனியாக வந்து நின்றதை டெல்மா பார்த்துக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம் ஹார்லன்" என்று அவள் மேடையேறினாள். "முதல்ல உங்களுக்கு ஒரு பாராட்டு. இவ்வளவு பெரிய போட்டியை நடத்தியிருக்கீங்க." வலது கையை நீட்டினாள்.

ஹார்லன் கையை எடுக்கவில்லை. "பரவாயில்ல டெல்மா, பரவாயில்ல."

"தள்ளுவண்டியில தூங்கற குழந்தைக்குக்கூடக் கைகுடுப்பீங்க. இன்னிக்கு மேயருக்குத் தலையை மட்டும் ஆட்டினீங்களாமே."

"எனக்கு ஜலதோஷம்."

"பாவம், கை பைக்குள்ள மாட்டிக்கிச்சுபோல" என்றான் வெண்டல் கீழேயிருந்து. "கோட்டைக் கிழிச்சுடலாமா? என்கிட்ட கத்தி இருக்கு."

கூட்டம் சிரித்தது. கேமரா நெருங்கி வந்தது. கேமரா பார்க்கும்போது கைகொடுக்காமல் இருப்பது ஹார்லனின் இயல்புக்கே விரோதம். கை தானாக வெளியே வந்தது. நகக்கண்களிலும், கல்யாண மோதிரத்தைச் சுற்றியும், கட்டைவிரலின் சதையிலும் பளிச்சென்ற ஆரஞ்சு.

பதினொரு பேரும் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

"டிவியில கருப்பு எடுப்பா தெரியாதுன்னு சொன்னாங்க" என்றார் ஹார்லன். குரல் சின்னதாகிவிட்டது. "ஆறு மணிக்கே வந்து நானே அடிச்சேன். பிடிச்சுக்கிட்டு அடிக்கும்போது நழுவிடுச்சு. திருப்பி வெச்சேன். சரியாத்தான் வெச்சேன்னு நெனச்சேன்."

"அப்புறம் ஒரு வயசான மனுஷன் பழியை ஏத்துக்கிட்டப்ப?"

"அவரே ஒப்புக்கிட்டாரே. நான் எதுக்குக் குறுக்க பேசணும்?"

டெல்மா விதிப் புத்தகத்தைப் பிரித்தாள். "நடுவர் பக்கத்துக் கடிகாரமே அதிகாரபூர்வமானது. அது சரியாத்தான் ஓடிச்சு. முடிவு மாறாது. தேசிய சாம்பியன் ஆர்விட் டோலெஃப்சன்."

கூச்சல் எழும்பியது. அதற்கு மேலே லைலின் குரல் கேட்டது. "இருங்க டெல்மாம்மா. முள்ளு தப்புன்னா அது எல்லாருக்கும் தப்பு. அதே முள்ளைப் பார்த்துத்தானே பெரியவரும் வந்தாரு? அவருக்கு மட்டும் எப்படி சரியா வந்துது?"

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும்.  கூட்டத்தின் பின்பக்கம் பார்த்தாள். எல்லாரும் திரும்பினார்கள். 

ஆர்விட் தொப்பியைக் கழற்றினார்.

"நான் முள்ளைப் பார்க்கல. எனக்கு அது தெரியாது. அஞ்சு வருஷமா தெரியாது. நீங்க போற சத்தத்தைக் கேட்டுத்தான் போறேன்."

லைல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். "அஞ்சு வருஷமா நீங்க என் பக்கத்துல ஓட்டுறீங்க."

"உன் படகு மஞ்சள்னு சொல்லிக்கிட்டாங்க."

"நான் எங்க இருக்கேன்னு எப்படித் தெரியும்?"

"திருப்பத்துல உன் மோட்டார் இருமும். அதை வெச்சு விலகிப்பேன்."

அவன் முகம் வெளுத்தது. உயிர் தப்பியதை நினைத்துத்தான் வெளுக்கிறது என்று டெல்மா நினைத்தாள். அவன் தன் மெக்கானிக் பக்கம் திரும்பினான். "இருமுதாடா?" என்றான். மெக்கானிக் தரையைப் பார்த்தான். அதற்குள் இன்னொருவன், தன் மோட்டார் சத்தம் எப்படி என்று ஆர்விட்டிடம் கேட்டுக்கொண்டே முன்னால் வந்தான். அவன் பின்னால் மூன்றாவது ஆள். ஒன்பதாவதாக வந்த சாம்பியனைச் சுற்றி, அவர் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், பதினொரு பேரும் வரிசை கட்டினார்கள். ஹார்லனை கேமராவும் மறந்துவிட்டது.

வரிசை கலைய ஆறு மணியாயிற்று. டெல்மா லாரிக்குப் போனபோது ஆர்விட் நாற்காலியில் இருந்தார். மடியில் வெற்றிக் கோப்பை. அவர் சட்டைப் பையிலிருந்து படகுப் பந்தய உரிமத்தை எடுத்து, கேட்காமலே அவளிடம் நீட்டினார். அவள் பந்தயத்திலிருந்து விலகுவதற்கான படிவத்தை முழங்கால் மேல் வைத்துப் பெயர், வயது, படகு எண் எல்லாம் நிரப்பினாள். வெண்டல் லாரியில் சாய்ந்து நின்றான்.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு" என்றாள். "என்ன எழுத?"

"கண்ணுன்னு எழுதாத."

"ஏதாவது எழுதியாகணும், ஆர்விட்."

அவர் கோப்பையின் விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்று தடவினார். "தேசிய சாம்பியன்னு எழுது."

"அது எப்படி நிறுத்தறதுக்குக் காரணமாகும்?"

"வேற எதுக்காக நான் இத்தனை வருஷம் நிறுத்தாம இருந்தேன்?"

டெல்மா எழுதினாள்.